லெப்டொப்புக்கு ரேம் வாங்குமுன்: வேக எண்களைப் பொருத்திப் பார்க்கும் வழி

மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் என் மருமகள் சென்ற மாரியில் ஒருநாள் நனைந்தபடி வந்து, பொலித்தீன் பையில் சுற்றியிருந்த லெப்டொப்பை என் மேசையில் வைத்தாள்.

"மாமா, 3200 ரேம் என்று சொல்லித்தான் கடையில் போட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் 2400 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்கள்."

திறந்து பார்த்தேன். ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகத் துண்டில்) ஒட்டியிருந்த தாளில் 3200 என்றுதான் இருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய கணினியில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-8250யு. அந்தப் புரொசெசர் டிடிஆர்4 (ரேமின் நாலாம் தலைமுறை) நினைவகத்தை 2400 வேகத்துக்கு மேல் ஓட்டாது. 3200 ரேமைப் போட்டாலும் அது அடங்கி 2400இல்தான் ஓடும். கணினிக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. பிள்ளையின் பணப்பைக்குத்தான் கேடு: கிடைக்காத வேகத்துக்குக் கூடுதல் காசு கொடுத்திருக்கிறாள்.

புது லெப்டொப்பின் விலையைக் கேட்டுவிட்டு, இருப்பதையே இன்னும் இரண்டு மூன்று வருடம் இழுத்துப் பார்ப்போம் என்று ரேம் வாங்கக் கிளம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். அவர்கள் கடையில் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை ஸ்பீட்?" என்பதாக இருக்கிறது. கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. தலைமுறை, வோல்ற், எத்தனை துண்டு, அதன் பிறகுதான் வேகம். இந்த வரிசையிலேயே போவோம்.

உள்ளே இருப்பதை முதலில் பாருங்கள்

விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டுங்கள். மொத்த ஜிபி, ஸ்பீட், ஸ்லொட்ஸ் யூஸ்ட், ஃபோம் ஃபெக்டர் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்லொட்ஸ் என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று இருந்தால் ஒரு ஸ்லொட் (ரேம் மாட்டும் இடம்) காலி என்று பொருள். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். ரேம் மதர்போட்டிலேயே பற்றவைக்கப்பட்ட கணினிகளும் சிலவேளை இல்லாத ஸ்லொட்டை இருப்பதாகக் காட்டும். ஃபோம் ஃபெக்டரில் சோடிம் என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய துண்டு. ரோ ஒஃப் சிப்ஸ் என்று இருந்தால் பற்றவைத்தது. அதை நீங்கள் தொட முடியாது.

அடுத்து சிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருள். அதன் மெமரி பகுதி ரேம் இப்போது ஓடும் வேகத்தைக் காட்டும். எஸ்பிடி பகுதி ஒவ்வொரு ஸ்லொட்டிலும் உள்ள துண்டின் கம்பனி, பாக இலக்கம், அது எந்தெந்த வேகங்களில் ஓடக்கூடியது என்பவற்றைக் காட்டும். ஒவ்வொரு ரேம் துண்டிலும் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. "நான் இன்ன வேகத்தில் இன்ன தாமதத்தோடு ஓடுவேன்" என்ற பட்டியல் அதில் எழுதப்பட்டிருக்கும். கணினி எழும்பும்போது அதைப் படித்துத்தான் எந்த வேகம் என்று முடிவெடுக்கிறது.

இங்கே பலர் பதறும் ஓர் இடம் உண்டு. டாஸ்க் மனேஜர் 2400 என்று சொல்லும். சிபியு-இசட் 1200 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லும். பாதி வேகத்தில் ஓடுகிறது என்று என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர். இரண்டும் ஒன்றுதான். டிடிஆர் நினைவகம் கடிகாரத்தின் ஒரு துடிப்பில் இரண்டு தடவை தரவை அனுப்பும். துடிப்பு 1200 மில்லியன் என்றால் அனுப்புதல் 2400 மில்லியன். கடைத் தாளில் அச்சிடுவது இரண்டாவது எண்.

தலைமுறை தவறினால் எல்லாம் தவறும்

லெப்டொப் ரேமில் டிடிஆர்3க்கு 204 ஊசிகள், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவிலுள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது. அழுத்திப் பொருத்த முயன்றால் ஸ்லொட் உடையும். மேசைக் கணினியின் ரேம் நீளமானது, அதுவும் பொருந்தாது. தபாலில் வாங்குகிறவர்கள் சோடிம் என்ற சொல்லைப் பார்க்காமல் காசு அனுப்ப வேண்டாம்.

இந்தத் தவறுகள் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தவறு வோல்ற்றில் இருக்கிறது. நானே அதில் விழுந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் நாலாம் தலைமுறை இன்டெல் போட்ட ஒரு லெப்டொப்புக்காகக் கொழும்பில் ரேம் வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் வந்தேன். டிடிஆர்3, 1600, 204 ஊசி, வெட்டு எல்லாம் சரி. மாட்டி அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. பழைய துண்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பழையதில் பிசி3எல்-12800 என்றிருந்தது. புதியதில் பிசி3-12800. நடுவில் ஒரே ஓர் எழுத்து. சாதாரண டிடிஆர்3க்கு 1.5 வோல்ற் வேண்டும். எல் போட்டதற்கு 1.35 வோல்ற். அந்தத் தலைமுறை லெப்டொப்கள் 1.35 மட்டும்தான் கொடுக்கும். எல் போட்ட ரேம் பெரும்பாலும் இரண்டு வோல்ற்றிலும் ஓடும். ஆகவே டிடிஆர்3 கணினிக்கு வாங்குவதென்றால் எல் போட்டதையே கேளுங்கள். டிடிஆர்4இல் எல்லாம் 1.2 வோல்ற், டிடிஆர்5இல் 1.1 என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

இன்டெல்லின் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் புரொசெசர்கள் டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டையும் ஏற்கும்; எதைப் போடுவது என்பதைக் கணினியைச் செய்த கம்பனி முடிவு செய்தது. அதேபோலப் பன்னிரண்டாம் தலைமுறையில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் உண்டு. புரொசெசரின் பெயரை மட்டும் சொல்லி ரேம் கேட்டால் தவறான துண்டு வீடு வந்து சேரக்கூடும். பழைய துண்டையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

தாளிலுள்ள எழுத்துகளைப் படிக்கும் முறை

மருமகளின் துண்டில் இருந்த வரி இது: 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-எஸ்ஏ2-11.

8ஜிபி என்பது கொள்ளளவு. பிசி4 என்றால் டிடிஆர்4. 3200 வேகம். அதற்குப் பின்னால் வரும் ஏஏ தாமதத்தின், அதாவது கேட்ட தரவு வரக் காத்திருக்கும் துடிப்புகளின் குறி: 22 துடிப்பு. 2666இன் பின் வரும் வீ 19 துடிப்பையும், 2400இன் பின் வரும் டீ 17 துடிப்பையும் குறிக்கும். எஸ்ஏ2வின் முதலெழுத்து இது லெப்டொப்பின் சிறிய துண்டு என்று சொல்கிறது.

சில கம்பனிகள் வேகத்துக்குப் பதிலாக நொடிக்கு எத்தனை மெகாபைட் போகும் என்பதை அச்சிடும்: பிசி4-25600, பிசி4-21300, பிசி4-19200. பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். எட்டால் வகுத்துப் பாருங்கள். 25600ஐ வகுத்தால் 3200. 19200ஐ வகுத்தால் 2400. 21300 ஏறக்குறைய 2666. டிடிஆர்3எல்லில் 12800 என்றால் 1600. ஒருமுறை ஒருவர் "25600 ஸ்பீட் ரேம் இருக்கிறதாம், உங்கள் 3200ஐவிட எட்டு மடங்கு" என்று என்னோடு வாதாடினார். தொலைபேசியை எடுத்து வகுத்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

மிச்சமிருப்பது 1ஆர்எக்ஸ்8. ஒரே வரிசை, எட்டு பிட் சிப்கள் என்று பொருள். எண்ணினால் எட்டுச் சிப் இருக்கும். மலிவான 8ஜிபி துண்டுகள் சிலவற்றில் 1ஆர்எக்ஸ்16 என்றிருக்கும், சிப் நான்குதான். அதே வேகம் எழுதியிருந்தாலும் இது சற்று மந்தமானது. விலை ஒன்றென்றால் எட்டுப் போட்டதை எடுங்கள்.

இப்போது வேகம்

ரேமில் எழுதியிருக்கும் எண் ஓர் உச்சவரம்பு. அந்த வேகத்தில் ஓட முடியும் என்கிறதே தவிர, ஓடும் என்று சொல்லவில்லை. ஓடும் வேகத்தை மூவர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள்: புரொசெசர், மதர்போட்டின் பயோஸ் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), பக்கத்து ஸ்லொட்டில் இருக்கும் துண்டு. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு எவ்வளவு துள்ளினாலும் மெதுவான மாட்டின் நடைதான் வண்டியின் நடை.

எங்கள் பக்கத்தில் அதிகம் புழங்கும் புரொசெசர்களின் எல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். ஐ5-4200யு டிடிஆர்3எல் 1600 வரை. ஐ5-7200யு டிடிஆர்4 என்றால் 2133. ஐ5-8250யு 2400. ஐ5-10210யு 2666. ஐ5-1135ஜி7 3200. ஐ5-1235யு டிடிஆர்4இல் 3200, டிடிஆர்5இல் 4800. ரைசன் 5 3500யு 2400, ரைசன் 5 5500யு 3200. உங்களுடையது இதில் இல்லாவிட்டால் புரொசெசரின் முழுப் பெயரை இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் போட்டுத் தேடினால் மெமரி டைப்ஸ் என்ற வரியில் கிடைக்கும்.

இனி விதி எளிது. புதிய துண்டின் எண் அந்த எல்லைக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும். கீழே போக வேண்டாம். 2666 துண்டு இருக்கும் கணினியில் 2133 துண்டைச் சேர்த்தால் இரண்டுமே 2133க்கு இறங்கிவிடும். 3200ஐச் சேர்த்தால் புதியது 2666க்கு இறங்கி ஒத்துப்போகும். கடையில் 2666 தீர்ந்துவிட்டது, 3200 மட்டும்தான் இருக்கிறது, விலையும் அதேதான் என்றால் தயங்காமல் 3200ஐ வாங்குங்கள்.

விலை கூடவென்றால்? கணக்குப் பார்ப்போம். 2400 டீ ரேம் கேட்ட தரவை எடுத்துத் தர ஏறக்குறைய 14.2 நானோநொடி ஆகிறது. 3200 ஏஏ ரேமுக்கு 13.75. துடிப்பு வேகமாகிறது, காத்திருக்கும் துடிப்புகளும் 17இலிருந்து 22ஆகக் கூடுகின்றன. கடைசியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. வேர்டில் கட்டுரை எழுதவும் சூமில் வகுப்புக் கேட்கவும் பிரவுசரில் இருபது தாவல்களைத் திறந்து வைக்கவும் இந்த வித்தியாசம் ஒருபோதும் தெரியாது. 4ஜிபி 8ஜிபி ஆவது தெரியும். 8ஜிபி 16 ஆவது பலருக்குத் தெரியும்.

இன்னொரு பொறி இருக்கிறது. விளையாட்டுக்காரர்களுக்கென்று விற்கும் சில ரேம்களின் பெட்டியில் அச்சிட்ட வேகம் எக்ஸ்எம்பி என்ற தனி அமைப்பில் மட்டும் கிடைக்கும். அந்த அமைப்பைப் பயோஸில் போய்த் தெரிவு செய்ய வேண்டும். பெரும்பாலான லெப்டொப்களின் பயோஸில் அப்படியொரு இடமே இல்லை. அப்போது அந்த ரேம் தன் சாதாரணப் பட்டியலிலுள்ள வேகத்துக்கு இறங்கும். 3200 என்று வாங்கியது 2400இல் நிற்பதும் உண்டு. கறுப்புத் தகடும் சிவப்பு எழுத்தும் பார்க்க அழகுதான். மூடிக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒரு துண்டா, இரண்டா?

வேகத்துக்குக் கொடுக்க நினைத்த காசை இங்கே கொடுங்கள். மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். 1924இல் கட்டிய பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்கள்தான் போக முடிந்தது. மறுபக்கத்தார் வாவியைப் பார்த்துக்கொண்டு காத்து நிற்க வேண்டியிருந்தது. உங்கள் மோட்டார் சைக்கிள் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அங்கே செல்லவில்லை. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்த பிறகு எவருடைய வாகனமும் வேகமானதாக மாறிவிடவில்லை. வழி அகன்றது, காத்திருப்பு தீர்ந்தது.

ரேமிலும் அப்படியே. 2400இல் ஓடும் ஒரு துண்டு நொடிக்கு 19.2 ஜிகாபைட் அனுப்பும். இரண்டு ஸ்லொட்டிலும் ஒவ்வொரு துண்டு போட்டால் இரண்டு வழிகளும் சேர்ந்து 38.4. 3200இல் ஓடும் தனித் துண்டோ 25.6தான் தரும். மெதுவான இரண்டு, வேகமான ஒன்றை வெல்கிறது.

தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினியில் இது நன்றாகத் தெரியும். ஏனென்றால் திரையில் படம் வரைவதற்கும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. ரைசன் கணினிகளில் வீடியோ வெட்டுகிறவர்கள், விளையாடுகிறவர்கள் இரண்டாவது துண்டைப் போட்ட அன்றே உணர்ந்துவிடுவார்கள். ஐ5-1135ஜி7 போட்ட கணினியில் ஒரே துண்டு இருந்தால் கிராபிக்ஸின் பெயரே வெறும் யுஎச்டி என்று காட்டும். இரண்டாவதைப் போட்டதும் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறும். திருத்தும் கடையில் புதுக் கார்ட் போட்டுவிட்டார்களோ என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான்.

இரண்டும் ஒரே அளவில் இருப்பது நல்லது. ஆனால் 4ஜிபி பற்றவைத்து ஒரு ஸ்லொட் மட்டும் இருக்கும் கணினியில் 8ஜிபி போட்டாலும் வீணில்லை: முதல் 4+4 இரட்டை வழியில் ஓடும், மிச்ச 4 ஒற்றை வழியில் ஓடும். ஒரே கம்பனியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேறு வேறு கம்பனித் துண்டுகள் சேர்ந்து ஓடுவதைத் தினமும் பார்க்கிறேன். எப்போதாவது ஒத்துவராமலும் போகும், அதனால்தான் மாற்றித் தரும் நிபந்தனையை வாங்கும்போதே பில்லில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

டிடிஆர்5 பற்றி ஒரு வார்த்தை. ஒரே துண்டுக்குள் இரண்டு வழி இருப்பதால் ஒன்றே போதும் என்கிறார்கள். அந்த இரண்டும் 32 பிட் அகலமானவை. கூட்டினால் பழைய 64தான். இங்கும் இரண்டு துண்டே நல்லது.

வாங்கும்போது

2025 இறுதியில் உலகச் சந்தையில் ரேம் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினி மையங்கள் சிப்களை அள்ளிக்கொண்டதே காரணம். ஆகவே பாவித்த ரேமைத் தேடுவது இப்போது நியாயமான யோசனை. ரேம் எளிதில் தேயும் பொருளும் இல்லை. தாள் கிழிக்கப்படாமல் இருக்கிறதா, பொன்னிறத் தொடுமுனைகளில் பச்சையோ கறுப்போ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்காற்று படும் காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் பக்கத்துக் கணினிகளில் இந்தப் படிவைக் கூடுதலாகக் காண்கிறேன். கடையிலேயே மாட்டி எழுப்பிக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

வாங்குமுன் ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். ஏழாம் தலைமுறை அல்லது அதற்கு முந்திய கணினிக்கு 16ஜிபி வாங்கும் காசை வேறு விதமாகச் செலவழிக்க முடியுமா? லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தத் தயாரென்றால் தாராளமாக வாங்கலாம்.

மாட்டுவது

கணினியை அணைத்து, சார்ஜர் வயரைக் கழற்றுங்கள். பற்றரி வெளியே எடுக்கக்கூடியதென்றால் எடுத்துவிடுங்கள். உள்ளே இருந்தால் கீழ் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பற்றரி வயரின் பிடியை நகத்தால் மெல்லத் தூக்குங்கள். மூடியைப் பிரிக்கக் காலாவதியான வங்கி அட்டை போதும், கத்தி வேண்டாம். ஆணிகள் ஒரே நீளமாக இருக்காது. எந்த ஓட்டையில் எது இருந்தது என்று தாளில் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் ஆணியைக் குத்தி வையுங்கள். உலோகக் கதவு நிலை, தண்ணீர்க் குழாய் எதையாவது ஒருமுறை தொட்டுவிட்டு ரேமை எடுங்கள்.

ஸ்லொட்டின் இரு பக்கமும் உள்ள உலோகக் கொக்கிகளை வெளிப்பக்கமாக விரித்தால் பழைய துண்டு தானாகச் சாய்ந்து எழும்பும். புதியதை வெட்டுப் பொருந்தும்படி ஏறக்குறைய 30 பாகை சாய்வில் உள்ளே தள்ளுங்கள். பொன்னிற முனைகள் மறையும் வரை போக வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் கொக்கிகள் 'டிக்' என்று பிடிக்கும். இரு பக்கமும் சத்தம் கேட்டதா என்று பாருங்கள்.

மூடியைப் பூட்டாமலே ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். புது ரேமைக் கண்ட கணினி முதல் தடவை திரையைக் கறுப்பாக வைத்துக்கொண்டு யோசிக்கும். டிடிஆர்4இல் சில நொடிகள். டிடிஆர்5இல் சில நிமிடங்களும் ஆகலாம். பயந்து நடுவில் அணைத்துவிடாதீர்கள். தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். எழும்பிய பிறகு டாஸ்க் மனேஜரில் முதலில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். பின்னர் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுங்கள். ஒன்றுதானே என்று விட்டால் பிறகு கட்டுரை ஒப்படைக்கும் நாளில் நீலத்திரை வரும்.

எழும்பவே இல்லையென்றால் புதிய துண்டை மட்டும் தனியே, பிறகு பழையதை மட்டும் தனியே, ஸ்லொட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்தத் துண்டு, எந்த ஸ்லொட் என்று பிடிபட்டுவிடும்.

மருமகளின் கணினியில் அந்த 3200 துண்டு ஒன்றுதான் இருந்தது. பழைய 4ஜிபி 2400 துண்டைக் கடைக்காரர் கழற்றி ஒரு சிறிய உறையில் போட்டுக் கொடுத்திருந்தார். அது பையின் அடியில் கிடந்தது. முனைகளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதித் துடைத்து, காலியாக இருந்த இரண்டாவது ஸ்லொட்டில் மாட்டினேன். 12ஜிபி, 2400, இரண்டு ஸ்லொட்டும் நிறைந்தது. செலவு ஒன்றுமில்லை.

"அப்போது அந்தக் கூடுதல் காசு, மாமா?"

அடுத்த லெப்டொப் டிடிஆர்4 3200 ஏற்பதாக வாங்கினால் அந்தத் துண்டைக் கழற்றி அதில் மாட்டிக்கொள் என்றேன்.